வீழ்ந்தவன் பெயர் யாது?

திரைப்படம் என்றதும் முகஞ்சுளிக்கும் தமிழன்பர் பலர். அதிலும் அடிதடிப் படம் என்றால், சுளிப்போடு நில்லாமல் பேச்சையே முறித்துக்கொண்டு எழுந்து விடுவர். அவர்தம் வெறுப்பிற்குக் காரணம் இல்லாமலில்லை. உழைத்து ஈட்டிய கூலியின் பெரும்பகுதியை நுழைவுச்சீட்டிற்குக் கொடுத்துவிட்டு, நடிகனின் உருவப்பலகைக்குப் பால் முழுக்காட்டிக் கூத்தாடும் இளைஞர் கூட்டத்தைக் கண்டு நெஞ்சு நோகாதார் யார்? ஆயினும், வெறுத்து ஒதுக்குவது வேறு. ஆய்ந்து தள்ளுவது வேறு. ஆய்ந்து பார்த்தால், தள்ளத்தக்கவற்றின் நடுவே, தள்ளத்தகாத ஒன்று கிடப்பது தெரியும். அது படத்தின் கதையன்று; பாட்டன்று; அந்தப் படத்திற்காக உயரத்தினின்று வீழ்கின்ற மாந்தனின் உடல்.

பெருந்திரளாக மக்களை ஈர்த்துப் பெரும்பொருள் குவிக்கும் படத்தை ஆங்கிலத்தார் ‘பிளாக்பசுட்டர்’ என்பர். இரண்டாம் உலகப் போரில், ஒரு தெருத்தொகுதியையே தரைமட்டமாக்க வல்ல பெருங்குண்டிற்கு வழங்கிய பெயர் இது. ஊரழித்த குண்டின் பெயரைக் கேளிக்கையின் பெயராக மாற்றிக்கொள்ள ஒரு மொழியினர்க்குக் கூச்சமில்லை போலும்! அது கிடக்க.

இளமை தொட்டே இத்தகைய படங்களை விடாது பார்த்துவரும் சுவைஞன் ஒருவனைக் கருதிக்கொள்க. ஊருக்கு ஊர் அத்தகையோர் உளர். நடிகனுக்குக் கொடிபிடிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் அவன். சண்டைக் காட்சி எப்படி அமைக்கப்பட்டது என்பதைக் கூர்ந்து நோக்குகின்றவன். நல்ல சண்டைப் படத்திற்கு இலக்கணம் யாது என்று அவனை வினவினால், அவன் கூறும் விடை எளியது: “யார் யாரை அடிக்கின்றான், எங்கே நின்று அடிக்கின்றான் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.” இதிலென்ன பெருமை என எண்ண வேண்டா. அண்மைக் காலத்துப் படங்களிற் பெரும்பாலானவை இந்த முதற்படியிலேயே வழுக்கி வீழ்கின்றன.

2014இல் வெளிவந்த ‘டேக்கன்’ வரிசையின் மூன்றாம் படத்தில், அகவை அறுபதைக் கடந்த நடிகர் லியாம் நீசன் ஒரு கம்பி வேலியைத் தாண்டுகின்றார். ஆறேழு நொடிகளில் முடிந்துபோகும் அச்சிறு செயலுக்குள் பத்துக்கு மேற்பட்ட வெட்டுகள்! கை ஒரு துண்டு, கால் ஒரு துண்டு, வேலி ஒரு துண்டு, மூச்சு ஒரு துண்டு. தாண்டினவர் அவரா, படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோலா என்று ஐயுற வேண்டியுள்ளது. முதுமையைக் குறை சொல்வதற்கில்லை. அம்முதுமையை மறைக்கப் பார்ப்பவனின் கண்ணைக் கட்டுவதே குறை. 2004க்குப் பின் ‘போர்ன்’ வரிசைப் படங்களில், படக்கருவியைத் தோளில் வைத்து நடுங்க நடுங்கப் பிடித்த முறை பெரும் வெற்றி பெற்றது. அதை இயக்கியவர்க்கு அதில் ஒரு நோக்கம் இருந்தது. நோக்கத்தை விட்டுவிட்டு நடுக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டவர்களோ எண்ணற்றோர்.

வெட்டு மிகுதிதான் குற்றமோ எனின், அன்று. சார்ச்சு மில்லர் இயக்கி 2015இல் வந்த ‘மேடு மேக்சு’ வரிசையின் நான்காம் படத்தில், இரண்டு மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 2,700 காட்சித் துண்டுகள் உள்ளன. ஆயினும் எந்தத் துண்டிலும் பார்ப்பவன் தடுமாறுவதில்லை. பார்க்கவேண்டிய பொருளைத் திரையின் நடுவிலேயே நிறுத்தி வைத்தமையால், துண்டு மாறினாலும் கண் அலைய வேண்டுவதில்லை. அதற்கு முன் சண்டைப் படம் எதனையும் தொகுத்தறியாத மார்கரெட்டு சிக்செல் என்னும் அம்மையாரே அதனைத் தொகுத்தார். தொகுப்பிற்குரிய ஆசுக்கர் விருதையும் பெற்றார். நமீபியப் பாலைநிலத்தில், ஓடும் ஊர்திகளின்மேல் நட்ட நெடுங்கம்பங்களின் உச்சியில், உயிருள்ள மாந்தரே இப்புறமும் அப்புறமும் சாய்ந்தாடினர். கணிப்பொறி வரைந்த பொம்மைகள் அல்லர் அவர். அந்த வேறுபாட்டைக் கண் அறியும். அறிவு அதனைச் சொல்லாக்க முடியாதபோதும் கண் அறியும்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1954இல் அகிரா குரோசாவா எடுத்த ‘ஏழு சாமுராய்’. கொள்ளையர் எத்தனை பேர் என்பதைத் தலைவன் தாளில் வட்டங்களாக வரைந்து வைக்கின்றான். ஒருவன் மாண்டால் ஒரு வட்டத்தை அடிக்கின்றான். இதனால் மழையும் சேறுமாக நிகழும் இறுதிப் போரில், எஞ்சியோர் எத்தனை பேர் என்ற கணக்குப் பார்ப்பவன் நெஞ்சிலும் ஓடிக்கொண்டே இருக்கின்றது. எவ்வளவு எளிய உத்தி! இதற்குப் பல கோடி உருபா தேவைப்பட்டதா? 2011இல் இந்தோனேசியாவில் எடுக்கப்பட்ட ‘தி ரெய்டு’ படத்திற்கும் பெரும்பொருள் தேவைப்படவில்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதனுள் சிக்கிக்கொண்ட காவலர் சிலர். அந்நாட்டின் மரபுத் தற்காப்புக் கலையாகிய சிலாட்டு. உலகமே திரும்பிப் பார்த்தது.

இனித் தமிழ்த் திரைக்கு வருவோமாயின், சுவைஞன் பெருமூச்சு விடுகின்றான். தலைவன் நடந்து வருகின்றான், மெல்ல வருகின்றான், இன்னும் மெல்ல வருகின்றான். அவன் செருப்புத் தரையைத் தொடுமுன் காது செவிடுபடும் இசை. சூழ்ந்து நிற்கும் நாற்பதின்மரும், ஒருவன் அடிவாங்கி முடிக்கும்வரை, ஏனையோர் கையை ஓங்கியபடியே முறைவைத்துக் காத்திருக்கின்றனர். பங்கீட்டுக் கடையிலும் இத்துணை ஒழுங்கான வரிசையைக் காண்டல் அரிது. அடிபட்டவன் வானில் பறக்கின்றான். ஏன் பறந்தான், எங்கே வீழ்ந்தான் என்று கேட்பாரில்லை.

இக்குப்பைக்கிடையே மணிகளும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2019இல் வந்த ‘கைதி’ ஓர் இரவுக்குள் நடந்து முடிவது. நினைவிழந்து கிடக்கும் காவல் அலுவலர்களைச் சரக்குந்தில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். வழியில் மறிப்போர் பலர். பாடலில்லை, தலைவியில்லை, தேவையற்ற நகைச்சுவையுமில்லை. மகளைக் காணவேண்டும் என்ற ஏக்கம் ஒன்றே தலைவனைச் செலுத்துகின்றது. சண்டைக்கு ஒரு காரணமும், காரணத்திற்கு ஒரு நெஞ்சமும் இருந்தமையால் அது நின்றது. அதே இயக்குநரின் 2022ஆம் ஆண்டு ‘விக்ரம்’ படத்திலோ, துமுக்கியின் அளவு பெருத்தது; நெஞ்சத்தின் அளவு சிறுத்தது. இவ்விரண்டிற்கும் சண்டை அமைத்த இரட்டை உடன்பிறப்பாளர் அன்புமணி, அறிவுமணி என்போர் தம் இரு பெயர்களையும் இணைத்து ‘அன்பறிவு’ என்றாக்கிக்கொண்டனர் என்பது தமிழன்பர் மகிழத்தக்க செய்தி. அடிதடித் தொழிலுக்கு அன்பும் அறிவும் பெயராகியது நல்ல முரண்தொடை!

சண்டையைப் பற்றிப் பேசுதல் தமிழ்ப்புலவர்க்குத் தகாது என்பார் தொல்காப்பியத்தின் புறத்திணையியலைப் புரட்டிப் பார்க்க. ஆநிரை கவர்தல் தொடங்கிப் படையெடுப்பு, முற்றுகை, நேர்நின்று பொருதல், வெற்றி என்று போரினை வகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு திணையும் பல துறைகளும் அமைத்த இனம் இது. வெட்சியாரும் உழிஞையாரும் எதற்காகப் பொருகின்றனர் என்பது தெரியாமல் அங்கே ஒரு துறையும் இல்லை. சுவைஞன் கேட்கும் “யார், எங்கே, ஏன்” என்னும் மூன்று வினாக்களும் புறத்திணை மாணவன் கேட்க வேண்டிய வினாக்களே.

அவ்வியல் இன்னொன்றையும் கூறுகின்றது. வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளில் அது வகுக்கின்றது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்று, ஆகோளில் பட்ட ஒருவனின் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கி நிற்கின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அவன் அரசன் அல்லன். குறுநில மன்னனும் அல்லன். மாட்டிற்காக நிகழ்ந்த பூசலில் மாண்ட ஒருவன். ஆயினும் பெயர் உண்டு. திரைக்காக வீழ்ந்தவனுக்கு அந்தப் பெயர் உண்டா?

திரைக்கலை பேசத் தொடங்காத காலத்திலேயே உடலைப் பணயம் வைக்கும் வழக்கம் தோன்றிவிட்டது. 1928இல் பசுட்டர் கீட்டன் என்னும் நகைச்சுவை நடிகர் ஒரு படத்தில் அசையாது நிற்க, வீட்டின் முன்சுவர் முழுவதும் பெயர்ந்து அவர்மேல் சாய்ந்தது. திறந்திருந்த ஒரு பலகணியின் இடைவெளி மட்டும் அவர் நின்ற இடத்தில் வந்து பொருந்தியதால் அவர் பிழைத்தார். சில விரற்கடை தவறியிருந்தால் உயிர் போயிருக்கும். 1939இல் சான் போர்டு இயக்கிய ‘சுடேச்சுகோச்சு’ படத்தில், ஓடும் வண்டிக் குதிரைகளின் நடுவே வீழ்ந்து, தரையில் இழுபட்டு, பிடியை விட்டதும் வண்டி தன்மேல் கடந்து செல்லக் கிடந்தவர் யாக்கிமா கனூட்டு. 1981இல் வேறொரு படத்தில் சரக்குந்தின் அடியில் தவழும் காட்சிக்கு அதுவே முன்மாதிரி. கனூட்டு 1967இல் சிறப்பு ஆசுக்கர் பெற்றார். திரைச் சண்டையால் பிழைத்தோரில் அச்சிறப்பைப் பெற்றவர் விரல்விட்டு எண்ணத்தக்கோர்.

ஆங்காங்கின் சாக்கி சான் தனி வகை. 1985இல் ‘போலீசு சுடோரி’ படத்திற்காக, வணிக வளாகத்தின் மேல்தளத்திலிருந்து, மின்விளக்குகள் சுற்றப்பட்ட கம்பத்தைப் பற்றிக்கொண்டு கீழே வழுக்கினார், கைகள் வெந்தன. அடுத்த ஆண்டு யூகோசுலாவியாவில் மரத்திலிருந்து வீழ்ந்து மண்டையோடு உடைந்து அறுவை செய்துகொண்டார். அவர் வீழ்ச்சியை முன்னும் பக்கமுமாக மீண்டும் மீண்டும் காட்டுவார்கள். தற்பெருமை எனலாம். ஆனால், “பார், இது பொய்யன்று” என்னும் சான்றுமாகும் அது.

ஆனால் சாக்கி சான் தானே தலைவன், தானே வீழ்பவன். பெரும்பாலான படங்களில் தலைவன் ஒருவன், வீழ்பவன் வேறொருவன். 1993இல் வெளிவந்த தொல்லுயிர்ப் படமாகிய ‘சுராசிக் பார்க்’கில், கூரையினின்று தொங்கும் சிறுமிக்கு மாற்றாக நடித்தவர் தவறிப்போய்ப் படக்கருவியை நிமிர்ந்து பார்த்துவிட்டார். அவர் முகத்தை அழித்துச் சிறுமியின் முகத்தைக் கணிப்பொறியால் ஒட்டினர். அன்று அது பிழை திருத்தம். இன்று அதுவே நடைமுறை. வீழ்ந்த உடல் ஒருவனுடையது, அதன்மேல் ஒட்டிய முகம் இன்னொருவனுடையது, கைதட்டல் முகத்திற்கு. 2023இல் வந்த ‘சான் விக்கு’ நான்காம் படத்தில் பாரிசு நகரின் 222 படிகளில் தலைவன் உருண்டு வீழும் காட்சியைக் கண்டு அரங்கங்கள் அதிர்ந்தன. உருண்டவர் வின்சென்ட்டு பூயோன் என்னும் பிரெஞ்சுச் சண்டைக் கலைஞர். தலைவர் கியானு ரீவ்சின் பெயரை அறிந்தவர் கோடியெனில், பூயோன் பெயரை அறிந்தவர் எத்துணையர்? இவ்விடத்தில் ஒன்று கூறத்தகும்: அப்படத்தின் இயக்குநரே முன்பு ரீவ்சுக்கு மாற்றாளாக வீழ்ந்தவர்தாம். வீழ்ந்து பழகியவர் இயக்கியதனாலேயே அப்படங்களில் அடி விழும் இடம் தெளிவாகத் தெரிகின்றது.

தாம் குரூசு 2017 ஆகத்தில் இலண்டனில் கட்டடத்திற்குக் கட்டடம் தாவி, கணுக்கால் உடைந்தார். அந்தத் தாவலே படத்திலும் இடம்பெற்றது. உலகச் செய்தித்தாள்களிலும் இடம்பெற்றது. அவர் துணிவு போற்றத்தக்கதே. ஆனால், கால் உடைந்த நடிகர்க்குப் பல கிழமை படப்பிடிப்பே நிறுத்தப்படும். கால் உடைந்த சண்டைக் கலைஞனுக்கு மறுநாள் இன்னொருவன் வருவான். இவ்வேறுபாட்டைச் சுவைஞன் மறந்துவிடலாகாது.

கால் உடைவதோடு முடிந்தால் தாழ்வில்லை. 2016 நவம்பரில் பெங்களூரை அடுத்த திப்பகொண்டனஅள்ளி நீர்த்தேக்கத்தில், கன்னடப் படமொன்றிற்காக உலங்கூர்தியினின்று குதித்த நடிகர் இருவர் நீரில் மூழ்கி மாண்டனர். வில்லன் வேடத்தினர் அவர். உயிர்காப்பு உடையின்றிக் குதித்தனர். உடன் குதித்த கதைத்தலைவர் மீட்கப்பட்டார். 2025 சூலையில் நாகை மாவட்டத்தில், தமிழ்ப் படமொன்றின் படப்பிடிப்பில், சாய்தளத்தின்மேல் விரைந்தேறிப் பாய்ந்த மகிழ்வுந்து புரண்டு, அதனை ஓட்டிய பட்டறிவு மிக்க சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். அக்காட்சி கைப்பேசிகளில் ஊரெங்கும் பரவியது. படத்திற்காக எடுத்த பாய்ச்சலையே மக்கள் படமாகப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டனர். பழந்தமிழர் மார்பிற் பட்டதை விழுப்புண் என்றனர். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனைப் பாடினர். சண்டைக் கலைஞனோ முதுகால் வீழ்வதையே தொழிலாகக் கொண்டவன். அவன் பெற்ற புண்ணுக்குப் பெயரே இல்லை.

“மாற்றாளை மறைப்பது கலையின் தேவை, பெயரை உரைத்தால் மயக்கம் கலைந்துவிடாதா?” என்று படத்துறையார் கேட்பர். இது வலிவுள்ள வினா. பின்னணி பாடுவோர் கதை இதற்கு விடையாகும். வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்பது சிற்றூர்க் குழந்தைக்கும் தெரியும். அதனால் எந்தப் பாட்டின் சுவையாவது குன்றியதா? பாடகரின் பெயர் சுவரொட்டியில் இருந்தது. வானொலியில் ஒவ்வொரு பாட்டிற்கு முன்னும் உரைக்கப்பட்டது. குரல் தந்தவனைப் போற்றத் தெரிந்த சுவைஞர்க்கு, எலும்பு தந்தவனைப் போற்றத் தெரியாமற் போனது ஏன்? குரல் தந்தவன் மறுநாளும் பாடலாம்.

விருதுகளின் நிலை என்ன? இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்பிற்கென ஒரு விருது 2017இல்தான் முதன்முதல் அறிவிக்கப்பட்டது. மலையாளப் ‘புலிமுருக’னுக்காக, தமிழ்ப் படங்களிலும் பணியாற்றிய பீட்டர் கெய்ன் அதனைப் பெற்றார். 2024இல் அறிவித்த அவ்விருது அன்பறிவு இருவர்க்கும் கிடைத்தது. ஆனால் தமிழ்ப் படத்திற்கன்று, கோலார் தங்க வயலைக் களமாகக் கொண்ட கன்னடப் படத்திற்கு. அமெரிக்கரோ 1929 முதல் ஆசுக்கர் வழங்கி வந்தும், உடைக்கும் ஒப்பனைக்கும் ஒலிக்கும் விருது வைத்தும், சண்டைக்கு வைக்கவில்லை. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து தேர்ந்து, 2028இல் நிகழும் 100ஆம் விழாவில் முதல் விருது வழங்கப்படும் என்று 2025 ஏப்பிரலில்தான் அறிவித்தனர். இவ்விருதுகள் யாவும் அமைப்பாளர்க்கே உரியன. வீழ்பவர்க்கு அல்ல என்பதையும் குறித்துக்கொள்க. நடுகல் படைத்தலைவனுக்கு மட்டும் நடப்பட்டதில்லை.

தமிழ்ச் சுவைஞன் கேட்கவேண்டியது பெரிதன்று. படத்தின் தொடக்கத்தில், நடிகன் பெயர் தீப்பொறி பறக்க எழுதப்படும் அவ்விடத்திலேயே, அப்படத்திற்காக வீழ்ந்தோர் பெயர்கள் தமிழெழுத்தில், படிக்கத்தக்க அளவில் வரவேண்டும். ஒவ்வொரு படப்பிடிப்பிலும் மருத்துவ ஊர்தியும் மருத்துவரும் அருகில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு கலைஞனுக்கும் உயிர்க்காப்பீடு எடுத்தாக வேண்டும். நூறு கோடி, இருநூறு கோடி திரட்டியதாகச் சுவரெங்கும் எழுதிக் கொள்வோர்க்கு இது சுமையாகுமா? நடிகனின் உருவப்பலகைக்கு ஊற்றும் பாலின் விலையே ஒரு சிலரின் காப்பீட்டிற்குக் காணும்.

இப்பொழுது நிகழ்வது வேறு. படம் முடிந்ததும் அரங்கில் விளக்குகள் எரிகின்றன. கதவுகள் திறக்கின்றன. திரையின் அடியிலிருந்து மேலாக எறும்பூர்ந்தாற்போல் ஆங்கில எழுத்தில் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கும். அதற்குள் மக்கள் தத்தம் வண்டிகளைத் தேடி ஓடியிருப்பர். பல அரங்குகளில் அப்பட்டியல் முடியுமுன்பே ஒளிக்கற்றையை அணைத்தும் விடுகின்றனர்.

சாக்கி சான் படங்களின் முடிவில் மட்டும் இவ்வாறு நிகழ்வதில்லை. ஆல் நீடாம் என்னும் பழைய சண்டைக் கலைஞர் இயக்கிய 1981ஆம் ஆண்டுப் படமொன்றில் நடித்தபோது, தவறிய காட்சிகளைப் படத்தின் இறுதியில் சேர்க்கும் வழக்கத்தை அவரிடமிருந்து சாக்கி சான் கற்றுக்கொண்டார். பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில், தாவித் தவறியவர்களும் தலையில் கட்டிட்டவர்களும் தூக்குப்படுக்கையில் கிடத்திச் செல்லப்படுபவர்களும் தோன்றுகின்றனர். வலியோடு சிரிக்கின்றனர். வாயிற்கதவு வரை சென்றவர்களும் அங்கே நின்று, திரும்பி, பட்டியல் முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.